கடைசி நான்கு டிகிரி

நரிக்கரை ஹைட்ரஜன் ஆலையில் தண்ணீர் பிரிவதற்கு எண்ணூறு டிகிரி சூடு தேவைப்பட்டது. வெயிலைப் பிடித்துக் குவிக்கும் கண்ணாடிகள் எழுநூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி கொடுத்தன. மீதி நான்கு டிகிரியைத் திரவியத்தின் மனைவி செல்வக்கனி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மின்சாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கடற்கரை நெடுக நூற்றிருபது காற்றாலைகள் சுற்றின. சூட்டில்தான் உதைத்தது. ஆலை திறந்த புதிதில் இன்ஜினியர்கள் தலைகீழாக நின்று பார்த்தார்கள். கண்ணாடிகளைத் துடைத்தார்கள், கோணத்தை மாற்றினார்கள், இன்னும் நூறு கண்ணாடிகளை வரவழைத்து நிறுத்தினார்கள். முள் எழுநூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றுவிடும். தண்ணீர் ஆவியாகிக் குழாய்க்குள் வரும், மின்சாரம் பாயும், ஆனால் பிரியாது. நான்கு டிகிரிக்காக அடம்பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். விறகோ கரியோ டீசலோ பற்றவைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ‘தீர்ந்துபோகும் எதையும் இங்கே எரிப்பதில்லை’ என்று வாசலில் ஆளுயரப் பச்சை எழுத்தில் எழுதிவிட்டார்கள். எழுதியதை அழிக்கும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலாளர் ஆவுடையப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டர் நூற்றிரண்டு புள்ளி நான்கு காட்டியது. நல்ல உடம்புக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. வித்தியாசம் நான்கு டிகிரி. அவர் படுக்கையை விட்டு எழுந்துவந்து குழாயின் மேல் கையை வைத்தார். முள் எண்ணூறைத் தொட்டது, தண்ணீர் பிரிந்தது. காய்ச்சலின் டிகிரியும் ஆலையின் டிகிரியும் வேறு வேறு அளவு என்று ஓர் இளம் இன்ஜினியர் சொன்னார். டிகிரி டிகிரிதான் என்று சொல்லி அவரைக் காற்றாலைக்கு எண்ணெய் போடும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மேலாளரின் காய்ச்சல் மூன்றே நாளில் இறங்கிவிட்டது. பிறகு சுற்றுவட்டாரத்தில் காய்ச்சல் கண்டவர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒரு கொத்தனாரின் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. ஒரு வாத்தியாரின் காய்ச்சல் பரீட்சை முடிந்ததும் போய்விட்டது. போன வருஷம் சித்திரையில் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வக்கனிக்குக் குளிர் எடுத்தது. ஆலையின் நர்ஸ் எஸ்தர் வந்து தெர்மாமீட்டர் வைத்தார். மறுநாள் வைத்தார், அதற்கு மறுநாளும் வைத்தார். பத்தாம் நாள், “இது நெலச்சு நிக்கும்” என்று எழுதிக்கொண்டு போனார். நின்றது. பதினாறு மாதமாக அது ஒரு புள்ளி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

திரவியத்துக்கும் ஆலையிலேயே வேலை கிடைத்தது. துணையாள் என்று பதவி. காய்ச்சல்காரரோடு ஒரே வீட்டில் வசிப்பவரே துணையாளாக இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் இவன்தான். குழாயை ஒட்டிப் போட்ட பெஞ்சில் செல்வக்கனி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வலது கையைக் குழாயின் மேல் வைத்துப் படுத்திருப்பாள். பக்கத்தில் ஸ்டூலில் திரவியம் உட்கார்ந்திருப்பான். நெற்றியில் ஈரத்துணி போடக் கூடாது. நிலவேம்புக் கஷாயம் கொடுக்கக் கூடாது. மாத்திரை பக்கமே போகக் கூடாது. யாராவது பாவப்பட்டு இதையெல்லாம் செய்ய வந்தால் தடுக்க வேண்டும். பாவப்படுகிற ஆள் அவன் ஒருவன்தான் என்பதால் தன்னைத்தானே தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தினமும் மூன்று மணிக்குத் தடுத்தாயிற்று என்று நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போவான்.

இந்த வேலையை அவன் வெறுத்தான். கட்டிய மனைவியின் காய்ச்சலுக்குக் காவல் இருக்கிற பிழைப்பு எந்த மனுஷனுக்கும் வரக் கூடாது என்று நினைப்பான். நினைத்துவிட்டுப் புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்ப்பான். சூடு அப்படியே இருக்கும். அதில் ஒரு நிம்மதி வரும், வந்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்வான்.

ஊருக்கு ஆலையால் நன்மை இல்லாமல் இல்லை. தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனோடு ஆக்ஸிஜனும் வருகிறது அல்லவா, அதை ஊருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். காலையில் பெண்கள் ஆலை வாசலில் வரிசையில் நின்று குடத்தில் ஆக்ஸிஜன் பிடித்துப்போனார்கள். குடத்துக்கு மூடி அவசியம். நரிக்கரை மக்கள் நன்றாக மூச்சு விட்டார்கள், தாகம்தான் தாங்க முடியவில்லை. கிணறு, ஊருணி, மழைத்தண்ணீர் எல்லாம் குழாய் வழியே ஆலைக்குப் போய்விட்டன. இருந்தாலும் தண்ணீர் எங்கேயும் தொலைந்துவிடவில்லை. ஹைட்ரஜனில் ஓடும் டவுன்பஸ்ஸின் புகைக்குழாயிலிருந்து அது மறுபடி தண்ணீராகச் சொட்டியது. ஊர் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். பஸ் நின்றதும் ஏறுகிறவர்கள் முன்னால் போவார்கள், குடக்காரர்கள் பின்னால் போவார்கள்.

செல்வக்கனி பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்றாள், அவ்வளவுதான்.

காய்ச்சல் விட்டவருக்கு அந்தப் பக்கத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். குடத்துத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்து, சூரியன் உச்சிக்கு வரும்போது ஊற்ற வேண்டும். அதோடு நோய் முடிந்தது என்று கணக்கு. செல்வக்கனிக்குக் காய்ச்சல் விடவில்லை, ஆனால் தலைக்கு ஊற்றினால் விட்டுவிடும் என்று அவள் நம்பினாள். திரவியமும் நம்பினான். ஆலையும் நம்பியது, அதுதான் சங்கடம். உச்சிவெயிலில்தான் கண்ணாடிகள் முழுச் சூட்டுக்கு வரும், அப்போது அவள் பெஞ்சில் இருந்தாக வேண்டும். வேலை முடிந்து வந்து ஊற்றலாம் என்றால், சாயங்காலத்தில் காய்ச்சல்காரர் தலையில் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும். சூரியனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. மேகம் போட்ட நாளில் ஆலை ஓடாது, ஆனால் மேகம் போட்ட நாளில் முற்றத்தில் வெயிலும் இருக்காது.

“ஏங்க, வார வெள்ளிக்கெழமையாவது ஊத்துவியளா?” என்று வாரம் தவறாமல் கேட்பாள்.

“வார வெள்ளிக்கெழம பாப்போம் பிள்ள” என்பான்.

இப்படி அறுபது வெள்ளிக்கிழமைக்கு மேல் போய்விட்டது. வெயிலில் வைத்த குடம் முற்றத்திலேயே இருந்தது. தண்ணீர் வற்ற வற்ற அவன் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று பிடித்துவந்து ஊற்றினான். வேப்பிலையைக் காய்ந்ததும் மாற்றினான். மாற்றும்போதெல்லாம் அவள் திண்டில் தலைவைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. ஆடி மாதத்தில் அவள் எடை முப்பத்தொரு கிலோவாக இருந்தது. நர்ஸ் எஸ்தர் திரவியத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, காச்சல் நல்லா இருக்கு. ஆளுதான் தேய்ஞ்சிட்டே வாராங்க. அடுத்த மாசம் தாண்டாது.”

திரவியம் அன்றைக்கே விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான். ‘என் மனைவிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக ஒரு மதியம் மட்டும்’ என்று எழுதியிருந்தான். ஆவுடையப்பன் கெட்ட மனிதர் இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு மட்டும் ஆசையா திரவியம்? அந்த நாலு டிகிரிய யாரு தருவா சொல்லுங்க. ஆஸ்பத்திரி அடுப்பு, டவுன்பஸ்ஸு, பள்ளிக்கூடச் சோறு, எல்லாம் அந்தம்மா கையிலதான் ஓடுது. பதிலுக்கு ஒரு காச்சலக் கொண்டாங்க. நானே லீவு போட்டுத் தாரேன்.”

திரவியம் தனக்கே காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளப் பாடுபட்டான். உப்பளத்து ஓடையோரம் கொசுவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பழைய ஐஸ்பெட்டியில் மீனுக்கு வைத்த ஐஸை வாங்கித் தின்றான். வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் அலைந்தான். காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் போய் அவர்கள் குடித்த டம்ளரிலேயே காப்பி குடித்தான். உடம்பு தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கை விட்டு அசையவில்லை. கல்லு மாதிரி உடம்பு என்று உப்பளத்தில் அவனைப் புகழ்வார்கள். அந்த உடம்பை அவன் இப்போது வாயில் வந்தபடியெல்லாம் திட்டினான்.

கடைசியில் பள்ளிக்கூட நாளில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து செய்ததைச் செய்தான். நாலு சின்ன வெங்காயத்தை உரித்து, நசுக்கி, துணியில் முடிந்து அக்குளில் வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் எஸ்தர் அந்த அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். நூற்றிரண்டு புள்ளி நான்கு.

“வெங்காய வாடை வருதே அண்ணாச்சி” என்றார்.

“காலையில பழையதுக்குக் கடிச்சேம்மா” என்றான்.

மேலாளர் சொன்ன சொல் காப்பாற்றினார். செல்வக்கனிக்கு மதிய விடுப்பு கிடைத்தது. வீட்டில் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்திடம் சொல்லியாயிற்று. செல்வக்கனி பதினாறு மாதம் கழித்து உச்சிக்கு முன்னால் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். ஏறும்போது சீப்பு எடுத்துவைத்தாயா என்று அவன் கேட்டான். எடுத்துவைத்திருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பஸ் மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெஞ்சில் போய்ப் படுத்து, வெங்காயம் இருக்கிற பக்கத்துக் கையைக் குழாயில் வைத்தான்.

வெங்காயக் காய்ச்சல் அக்குளில் மட்டும்தான் இருக்கும், கைக்கு வராது. பன்னிரண்டு மணிக்கு முள் எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்று ஆடியது. தண்ணீர் பாதி பிரிந்தது. பாதி பிரிந்ததை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் குழாயில் அனுப்பினார்கள். அது ஆஸ்பத்திரி அடுப்புக்கும் பள்ளிக்கூட அடுப்புக்கும் பஸ்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது. நரிக்கரை முழுக்க வெங்காய நெடி எழுந்து எல்லோர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் அழுதுகொண்டே சோறு தின்றார்கள். டாக்டர் அழுதுகொண்டே ஊசி போட்டார். ஊரில் அவ்வளவு தண்ணீரை ஒருசேரப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. உப்பாக இருந்ததால் யாரும் குடத்தில் பிடிக்கவில்லை.

பஸ் பாதி வழியில், உப்பளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. ஆலையில் சங்கு ஊதினார்கள். ஒருமுறை ஊதினால் வேலை தொடங்குகிறது, விட்டுவிட்டு ஊதினால் சூடு குறைகிறது. திரவியம் இடது கையையும் வைத்துப் பார்த்தான், நெற்றியை வைத்துப் பார்த்தான், குழாயைக் கட்டிக்கொண்டு படுத்தான். முள் அசையவில்லை. இன்னும் அரைமணி நேரம், இன்னும் கால்மணி நேரம் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தான். அவள் வீட்டுக்குப் போயிருப்பாள், இப்போது உட்கார்ந்திருப்பாள், தங்கபுஷ்பம் செம்பை எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு செல்வக்கனி உள்ளே வந்தாள். தலை காய்ந்திருந்தது. உப்பளத்து வரப்பில் நடந்தே வந்திருந்தாள், காலெல்லாம் வெள்ளையாக உப்பு.

“சங்கு ஊதிட்டே கெடந்துச்சு. எப்படிப் போவ?” என்றாள்.

“வீடு ஒரு மைலுதான பிள்ள. அங்கன நடந்திருக்கலாம்லா?”

“ஆஸ்பத்திரியில பிள்ளப்பேறு நடக்குமேன்னு நெனச்சேன்.”

அவன் கையைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். எடுக்கும்போது வெங்காய முடிச்சு தரையில் விழுந்தது. சங்குச் சத்தத்துக்கு வந்து நின்ற மேலாளர் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தார். முள் எண்ணூறுக்கு வந்தது. திரவியம் ஸ்டூலில் உட்கார்ந்து, வெங்காயத்தால் வந்ததா வேறெதனாலாவது வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி அழுதான்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்குச் செல்வக்கனி பெஞ்சில் இறந்துபோனாள். முள் அசையாததால் யாரும் கவனிக்கவில்லை. வழக்கம்போலப் புறங்கையை நெற்றியில் வைத்த திரவியத்துக்குத்தான் தெரிந்தது. சூடு அப்படியே இருந்தது. மூச்சு இல்லை. நர்ஸ் எஸ்தர் தெர்மாமீட்டர் வைத்தார், நூற்றிரண்டு புள்ளி நான்கு.

“ஆளு போய்ட்டாங்க, காச்சல் இன்னும் போகல” என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரவியத்தின் தோளில் கைவைத்து, “மூணு மணி வரைக்கும் இருக்கட்டுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். திரவியம் மூன்று மணி வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பிரிந்துகொண்டே இருந்தது. எழுந்து அந்தக் குழாயை உதைத்து உடைக்க வேண்டும் என்று தோன்றியது. துணையாள் எழுந்திருக்கக் கூடாது என்பதால் எழுந்திருக்கவில்லை. அந்த மூன்றரை மணி நேரத்துக்காக அவன் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

இறந்தவரைக் குளிப்பாட்டக் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவதை அங்கே நீர்மாலை என்பார்கள். நாலு பேர் வேட்டியைப் பந்தல்போலத் தூக்கிப் பிடிக்க, அதன் கீழே குடத்தோடு நடந்து வருவார்கள். கிணற்றில் தண்ணீர் இல்லாததால் உறவுக்காரர்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். முற்றத்தில் இருந்த செல்வக்கனியின் குடத்தைத் திரவியம் எடுத்துக்கொண்டான். அதில் இருந்த தண்ணீர் முந்தின நாளே வற்றிவிட்டது, மஞ்சளும் வேப்பிலையும் அடியில் ஒட்டிக் கிடந்தன. பஸ் வந்தது. டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு இறங்கிக் கும்பிட்டார். மறுபடி ஏறி, குடம் நிறையும்வரை பஸ்ஸை நகர்த்தாமல் இன்ஜினை உறுமவிட்டார். பயணிகள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் அவளைப் பலகையில் கிடத்தியிருந்த பெண்கள், அவனே முதலில் ஊற்றட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். மஞ்சளும் வேப்பிலையும் மிதந்ததால் இது எந்தத் தண்ணீர் என்று அவனுக்குப் புரியவில்லை. நோய் முடிந்ததற்கு ஊற்றுவதா, ஆள் முடிந்ததற்கு ஊற்றுவதா? ஊற்றினான். அவள் நெற்றி சில்லென்று ஆனது. பதினாறு மாதத்துக்குப் பிறகு அந்தக் குளிர்ச்சியைத் தொட்டுப்பார்த்து, “விட்டுட்டு, பிள்ள. காச்சல் விட்டுட்டு” என்று அவள் காதில் சொன்னான். சத்தமாகவும் சொன்னான்.

நரிக்கரையில் எந்தத் தண்ணீரையும் மண்ணில் விடமாட்டார்கள். பலகைக்கு அடியில் அண்டா வைத்திருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் முழுவதும் அதில் சேர்ந்து ஆவி பறந்தது. நர்ஸ் எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெர்மாமீட்டரை அண்டாவில் விட்டுப் பார்த்தார். நூற்றிரண்டு புள்ளி நான்கு.

“தண்ணிய வேலைக்கு எடுக்க விதி இல்ல, அண்ணாச்சி” என்றார்.

உப்பளத்துக்குப் பின்னால் அவளைப் புதைத்துவிட்டு வந்தார்கள். புதைத்தவன் தலைமுழுக வேண்டும். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. வெயில் தாழ்வதற்குள் அண்டாத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். துவட்டி முடிப்பதற்குள் பல் கிட்டிக் குளிர் எடுத்தது. புறங்கையைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தான். எத்தனை என்று தெரிந்துகொள்ள அவனுக்குத் தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் சங்கு ஊதியது. திரவியம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினான். வீட்டைப் பூட்டும்போது குடம் மட்டும் தனியாக முற்றத்தில் இருக்க வேண்டாம் என்று தோன்றியதால் அதையும் இடுப்பில் எடுத்துக்கொண்டான். ஆலையில் அவனைப் பெஞ்சில் படுக்கவைத்துக் கையைக் குழாயில் வைத்தார்கள். முள் எண்ணூறுக்கு வந்தது.

“துணையாள் வேணுமே. உங்க வீட்டுல வேற யாரு இருக்கா?” என்று மேலாளர் கேட்டார்.

“குடம் இருக்கு சார்.”

மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்று இருந்தது, வேறொன்றும் இல்லை. குடத்தை ஸ்டூலில் வைத்தார்கள். ஈரத்துணி போடக் கூடாது, நிலவேம்பு கூடாது, மாத்திரை கூடாது என்று நர்ஸ் எஸ்தர் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். குடம் கேட்டுக்கொண்டது. நோட்டை நீட்டியதும் கையெழுத்துப் போட்டது.

உச்சிவெயில் கண்ணாடிகளில் ஏறியது. குழாய்க்குள் தண்ணீர் பிரியத் தொடங்கியது. திரவியத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது, தலை மட்டும் தண்ணீருக்கு ஏங்கியது. அவன் முகத்தைத் திருப்பி ஸ்டூலைப் பார்த்தான்.

“எனக்கு எப்ப தலைக்கு ஊத்துவ?”

“வார வெள்ளிக்கெழம பாப்போம்” என்றது குடம்.